சாரைக்குட்டி ஏன் சாரை மாதிரி இல்லை? வளர வளர மாறும் பாம்பின் நிறம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன கார்த்திகையில் பக்கத்து வளவில் ஒரு பாம்புக்குட்டியை அடித்துவிட்டார்கள். மழை விட்டிருந்த காலை நேரம். கிடுகு வேலிக்குக் கீழே கிடந்ததாம். "புடையன் குட்டி. ஒழுங்கையால பிள்ளையள் போய்வாறவை, விட ஏலாதெல்லோ" என்று சொல்லி அந்த வீட்டு அண்ணை தடியால் தூக்கிக் காட்டினார். ஒரு முழம்கூட இராது. உடம்பின் முன்பாதியில் சாம்பல் நீலம் கலந்த தோலில் மெல்லிய வெளிர் பட்டைகள் குறுக்கே ஓடின. தலைக்கு மிஞ்சிய பெரிய கண், வட்டமான கண்மணி. அது நச்சு விரியனான புடையன் அல்ல, நஞ்சில்லாத சாரையின் குட்டி. எலி பிடித்துத் தின்று அவருடைய நெல் மூட்டைகளைக் காப்பாற்றியிருக்க வேண்டிய பாம்பு.

அதே கிழமை லண்டனிலிருந்து மருமகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். "மாமா, என்ரை பாம்பு கறுத்துக்கொண்டு போகுது. ஏதும் வருத்தமோ?" என்று கேட்டான். அவன் வீட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் வளர்ப்பது அமெரிக்கக் கறுப்புச் சாரை. வாங்கும்போது சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாக இருந்தது.

இரண்டு இடத்திலும் குழப்பம் ஒன்றுதான். சாரை வகைப் பாம்புகள் பல, பிறக்கும்போது ஒரு கோலத்திலும் வளர்ந்த பிறகு வேறொரு கோலத்திலும் இருக்கும். நான் பல வருடம் உயிரியல் படிப்பித்தவன் என்பதால் இந்தக் கேள்விகள் என்னிடம் அடிக்கடி வரும். அவற்றை ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன்.

சாரைக்குட்டி தாயைப் போல இருக்காதா?

எங்கள் ஊர்ச் சாரையில் வளர்ந்தது எப்படி இருக்கும் என்று பனங்காணிக்குள் நடந்த எல்லோருக்கும் தெரியும். மண்ணிறம், மங்கிய மஞ்சள், ஒலிவ் பச்சை, சில கிட்டத்தட்டக் கறுப்பு. முன்பக்கம் பெரும்பாலும் வெறுமையாக, பின்பாதியிலும் வாலிலும் மட்டும் கறுப்புப் பட்டைகள் வலை போலத் தெரியும். உதட்டுச் செதில்களின் ஓரத்தில் மையால் கீறினதுபோல் கறுப்புக் கோடுகள் இருக்கும். ஆறடிக்கு மேலும் வளரும்.

குட்டியில் இது தலைகீழ். கோலம் முன்பாதியில்தான் துலக்கமாக இருக்கும். வெளிர் குறுக்குப் பட்டைகள், அவற்றுக்கிடையில் நீலம் தட்டிய சாம்பல். குட்டி வளர வளர முன்பாதிப் பட்டைகள் கரைந்து போகும், பின்பாதியின் கறுப்பு மிஞ்சும். தாயையும் குட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டு வேறு பாம்புகள் என்றே சொல்வீர்கள். மாறாமல் இருப்பவை கண்ணின் அளவும், வட்டக் கண்மணியும், ஒல்லியான உடல்வாகும்.

வெளிநாட்டில் 'ரற் ஸ்நேக்' என்று வளர்ப்பதும் எங்கள் சாரையும் ஒன்றா?

இல்லை. எலி தின்னும் பல பாம்புகளுக்கு ஆங்கிலத்தில் அந்த ஒரே பெயரை வைத்துவிட்டார்கள். எங்கள் சாரைக்கு லின்னேயஸ் 1758இல் பெயர் வைத்தார். இன்று அதை பிட்யாஸ் மியூகோசா என்கிறோம். வெளிநாட்டு வீடுகளில் வளர்பவை பெரும்பாலும் பாந்தெரோபிஸ் என்ற அமெரிக்கப் பேரினத்தைச் சேர்ந்தவை. கோர்ன் ஸ்நேக் என்று கடைகளில் விற்கும் சோளப் பாம்பு, கறுப்புச் சாரை, மஞ்சள் சாரை எல்லாம் அதற்குள் வரும். ஐரோப்பா, சீனா, யப்பான் பக்கத்துச் சாரைகள் வேறு பேரினங்கள்.

உறவு தூரம்தான். ஆனால் குட்டியில் ஒரு கோலம், பெரிசானதும் இன்னொரு கோலம் என்ற பழக்கம் இவற்றில் பலவற்றுக்கும் பொது.

எந்த வயதில் மாறத் தொடங்கும்? எப்போது முடியும்?

ஒரு நாளைக் குறித்துச் சொல்ல முடியாது. பொதுவாக முதல் ஒரு வருடத்துக்குள் மாற்றம் கண்ணுக்குப் படத் தொடங்கும். இரண்டு, மூன்று வயதில் பெரும்பகுதி முடிந்திருக்கும். அதற்குப் பிறகும் நிறம் சிறிது சிறிதாக ஆழமாகும்.

வயதைவிட வளர்ச்சிதான் கணக்கு. நன்றாகத் தின்று வேகமாக வளரும் குட்டி சீக்கிரம் மாறும். ஒரே முட்டைத் தொகுதியில் பொரித்த இரண்டு குட்டிகளில் ஒன்று முந்தும், மற்றது பிந்தும். இதற்காகக் கவலைப்பட வேண்டாம், அதிகமாகத் தீன் கொடுத்து அவசரப்படுத்தவும் வேண்டாம். கொழுத்த பாம்பு ஆரோக்கியமான பாம்பு அல்ல.

தோல் உரிக்கும்போதுதான் நிறம் மாறுகிறதா?

பார்ப்பவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். உண்மையில் மாற்றம் உள்ளே தொடர்ந்து நடக்கிறது. செட்டை கழலும்போது நாங்கள் அதைக் காண்கிறோம், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வந்த ஆடியில் மருமகன் வீட்டில் ஒரு மாதம் நின்றேன். அந்தக் கறுப்புச் சாரை செட்டை கழற்றுவதைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரை பார்க்கக் கிடைத்தது. முதலில் உடம்பு மங்கி, அழுக்குப் படிந்தது போல் ஆனது. இரண்டொரு நாளில் கண் நுங்கு மாதிரி மாறிவிட்டது. அதே நீலம் தட்டிய வெண்மை, அதே கலங்கல். பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் நடுவில் திரவம் ஊறுவதால் வருவது அது. அந்த நாட்களில் பாம்புக்குச் சரியாகக் கண் தெரியாது. தின்னாது, தொட்டால் சீறும். பிறகு கண் திடீரென்று தெளிந்துவிட்டது. மருமகன், "சுகமாயிட்டுது, இனிக் கழற்றாதாக்கும்" என்றான். "பொறு" என்றேன். மூன்றாம் நாள் காலை அது மூக்கைக் கல்லில் உரசத் தொடங்கியது. உதட்டோரம் தோல் பிரிந்தது. பிறகு காலுறையைக் கழற்றுவது போல உள்புறம் வெளியே வர, பாம்பு தன் தோலுக்குள்ளிருந்து தானே நடந்து வெளியேறியது. இருபது நிமிடம் கூடப் பிடிக்கவில்லை.

செட்டையை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். கண்ணாடித் தாள் போல ஒளி ஊடுருவியது. பழைய திட்டுகளின் சாயல் மட்டும், தேத்தண்ணீர்க் கறை காய்ந்தது போல, மிக மெல்லிசாகத் தெரிந்தது. நிறமெல்லாம் பாம்போடு போய்விட்டது. பெட்டிக்குள் அது கறுகறுவென்று மின்னிக்கொண்டு கிடந்தது. முந்தின மாதப் படத்தில் தெளிவாக இருந்த முதுகுத் திட்டுகளை இப்போது தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

காரணம் எளியது. கழலும் தோல் வெளிப்படை மட்டும். நிறத்தைத் தரும் கலங்களில் பெரும்பங்கு அதற்குக் கீழே உள்ள உட்தோலில் இருக்கின்றன. மேல்தோலில் ஒட்டியிருக்கும் கொஞ்சக் கருநிறமிதான் செட்டையில் சாயலாகத் தெரிகிறது. குட்டிகள் முட்டையிலிருந்து வந்து ஏறத்தாழ ஒரு கிழமை, பத்து நாளில் முதல் தடவை கழற்றும். பிறகு நாலு முதல் ஆறு கிழமைக்கு ஒருக்கால். வளர்ந்த பாம்பு வருடத்தில் சில தடவைதான். அதனால்தான் குட்டிப் பருவத்தில் மாற்றம் அடுத்தடுத்துத் தெரிகிறது.

அந்த நிறம் எதனால் ஆனது?

மூன்று வகை நிறக் கலங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. முதலாவது மெலனின் என்ற கருநிறமியை வைத்திருக்கும் கலம். கறுப்பும் கபிலமும் இதிலிருந்து வருகின்றன. இரண்டாவது மஞ்சள், சிவப்பு நிறமிகள் கொண்ட கலம். மூன்றாவதில் நிறமியே கிடையாது. அதற்குள் குவானின் என்ற பொருளின் மிக நுண்ணிய பளிங்குகள் அடுக்கியிருக்கும். அவை ஒளியைத் தெறிக்கச் செய்து வெண்மை, வெள்ளி, நீலம் போன்ற சாயல்களைத் தரும்.

குட்டி முட்டைக்குள் இருக்கும்போதே இந்தக் கலங்கள் தோலில் இடம் பிடித்து, எங்கே திட்டு, எங்கே வெளி என்ற கோலம் தீர்மானமாகிவிடும். வயதோடு மாறுவது கலங்களின் எண்ணிக்கையும் அவற்றில் சேரும் நிறமியின் அளவும்தான். கறுப்புச் சாரையில் திட்டுகள் எங்கேயும் போய்விடுவதில்லை. திட்டுகளுக்கு இடையிலிருந்த சாம்பல் வெளியில் மெலனின் கூடிக் கூடி, முழு உடம்பும் திட்டின் நிறத்துக்கு வந்துவிடுகிறது. எழுதின கரும்பலகையில் முழுக்கச் சோக் பூசினால் எழுத்து தெரியாமல் போகுமல்லவா, அது போல. வயிறு புடைக்கத் தின்ற பிறகு அந்தப் பாம்பைப் பாருங்கள். செதில்கள் விலகி நடுத்தோல் விரியும்போது, குட்டிக் காலத்து வெள்ளைக் கீற்றுகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கும்.

குட்டியாக ஒரே மாதிரி இருப்பவை வளர்ந்து வேறுவேறாகுமா?

ஆகும். எனக்கு இந்த விடயத்தில் மிகவும் பிடித்த பகுதியே இதுதான்.

அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்தில் கறுப்புச் சாரை, மஞ்சள் சாரை, சாம்பல் சாரை என்று நெருங்கிய சொந்தங்கள் இருக்கின்றன. மூன்றின் குட்டிகளும் சாம்பல் நிலத்தில் கருந்திட்டுகளோடுதான் பொரிக்கும். கைதேர்ந்தவர்களே பிரித்துச் சொல்லத் தடுமாறுவார்கள். பிறகு ஒவ்வொன்றும் தன் பாதையில் போகும். கறுப்புச் சாரை திட்டுகளைக் கறுப்புக்குள் புதைத்துவிடும், தாடை மட்டும் வெள்ளையாக இருக்கும். மஞ்சள் சாரையில் திட்டுகள் மங்கி, தலையிலிருந்து வால் வரை நாலு கருங்கோடுகள் நீளத்துக்கு எழும்பும். சாம்பல் சாரை குட்டிக்காலத் திட்டுகளை வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள்ளும். புளோரிடாவின் தெற்கே எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் இருக்கும் வகை செம்மஞ்சளாக மாறும். அதன் நாக்குக்கூடச் சிவப்பு.

டெக்சாஸ், மெக்சிக்கோ எல்லைப் பக்கம் பெயார்ட் சாரை என்று ஒன்று உண்டு. குட்டியில் சாம்பலும் குறுக்குத் திட்டும். வளர்ந்ததும் திட்டுகள் போய், நீளக் கோடுகள் நாலு வந்து, செதிலுக்குச் செதில் தேன் பூசியது போல ஒரு செம்மஞ்சள் ஏறும். குட்டியைப் பார்த்து வேண்டாம் என்று போனவர்கள் மூன்று வருடம் கழித்து அதே பாம்பைப் பார்த்தால் கைவிட்டுவிட்டோமே என்று வருந்துவார்கள்.

சோளப் பாம்பு எப்படி?

வீட்டில் வளர்ப்பவற்றில் அதிகம் இதுதான். பொரிக்கும்போது மங்கிய கபிலமும் சாம்பலுமாக இருக்கும். முதுகில் கடும் செங்கபிலத் திட்டுகள். கடைக்காரர் காட்டும் பளீரென்ற செம்மஞ்சள் பாம்பும் இந்தக் குட்டியும் ஒன்றா என்று சந்தேகம் வரும். சிவப்பும் செம்மஞ்சளும் பிறகுதான் ஏறும், இரண்டு மூன்று வருடம் பொறுக்க வேண்டும். வயிற்றுப் பக்கம் கறுப்பும் வெள்ளையுமாகத் தாயக்கட்டம் போல இருக்கும். அது பெரும்பாலும் அப்படியே நிற்கும்.

சிவப்பு நிறமி இல்லாமல் பிறக்கும் சாம்பல் கறுப்பு வகையும் வளர்ப்பில் உண்டு. இதை வைத்திருப்பவர்கள் ஒரு கட்டத்தில் பயந்து எழுதுவார்கள்: "கழுத்தில் மஞ்சள் படர்கிறது, மஞ்சட்காமாலையா?" இல்லை. அந்த வகையில் வயதோடு தாடையிலும் கழுத்தோரத்திலும் மஞ்சள் ஏறுவது இயல்பு. அதுபோல, மெலனின் இல்லாத வெளிறிய வகை குட்டியில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக இருந்து, வளர்ந்ததும் செம்மஞ்சளாகிவிடும். வெள்ளைப் பாம்பு வேண்டும் என்று அதை வாங்கிய பிள்ளைகள் ஏமாந்ததைக் கண்டிருக்கிறேன்.

ஏன்தான் மாற வேண்டும்? பிறக்கும்போதே பெரிய பாம்பின் நிறத்தோடு வந்தால் என்ன?

குட்டிக்கும் பெரியதுக்கும் வாழ்க்கை வேறு. ஒரு முழக் குட்டியைக் காகமும் செண்பகமும் கீரியும் தின்றுவிடும். அது சருகுக்குள், கல்லிடுக்கில், புல்லடியில் ஒளிந்து பிழைக்க வேண்டும். திட்டும் பட்டையும் உடம்பின் வடிவத்தை உடைத்துக் காட்டுவதால், அசையாமல் கிடக்கும் குட்டியைக் கண்ணுக்குப் பிரித்தெடுப்பது கடினம். ஆறடிப் பாம்பின் பிழைப்பு வேறு. வெளியில் ஓடி இரை பிடிக்கும், ஆபத்து வந்தால் வேகமாக விலகும். ஓடும் உடம்பில் நீளக் கோடோ ஒரே நிறமோ இருந்தால், அது எவ்வளவு வேகத்தில் எந்தப் பக்கம் போகிறது என்று கண் தடுமாறும். குளிர் நாட்டில் கறுப்புத் தோல் வெயிலில் விரைவாகச் சூடேறவும் உதவும்.

இன்னொன்று, வேடம். யப்பானின் சாரை ஒன்றின் குட்டி, ஏணிப் படி போலப் பட்டைகளோடு அங்குள்ள மமூசி என்ற நச்சு விரியனைப் போல இருக்கும். அதன் அறிவியல் பெயரின் பொருளே ஏணி சுமப்பது. வளர்ந்ததும் பச்சை கலந்த ஒலிவ் நிறத்துக்கு வந்துவிடும். நஞ்சில்லாத குட்டிக்கு விரியனின் வேடம் ஒரு கவசம். காட்டில் அது உயிரைக் காக்கும். எங்கள் வேலியடியில் அதே வேடம் உயிரை வாங்கிவிடுகிறது.

பச்சைச் சாரை பிறக்கும்போதே பச்சையா?

வியட்நாமின் வடக்கிலும் சீனாவின் தெற்கிலும் மூக்கில் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சாரை இருக்கிறது. காண்டாமிருகச் சாரை என்பார்கள். குட்டி சாம்பல் கபிலம். ஒரு வருடம் தாண்டும்போது இரும்புச் சாம்பலாகி, இரண்டாவது வருடத்தை ஒட்டிப் பச்சையாகிவிடும்.

பாம்பின் தோலில் பச்சை நிறமி என்று தனியாக ஒன்று இல்லை. பளிங்குகள் தெறிக்கும் நீலத்தின் மேல் மஞ்சள் நிறமி விரிந்தால் எங்கள் கண்ணுக்குப் பச்சை. பச்சைப் பாம்பைச் சாராயத்தில் போட்டு வைத்தால் மஞ்சள் கரைந்து நீலம் மட்டும் மிஞ்சுவதை ஆய்வுகூடங்களில் காணலாம்.

ஓணான் போல, கோபம் வந்தால் நிறம் மாறுமா?

மாறாது. ஓணானின் தலை சிவப்பது சில நிமிடத்தில் நடந்து திரும்பவும் போய்விடும். சாரையில் நடப்பது மாதக் கணக்கில் நடக்கும், திரும்பி வராது. வெருண்ட சாரை கழுத்தைப் பக்கவாட்டில் தட்டையாக்கி ஊதும்போது செதில்களுக்கிடையில் வெளிர் தோல் தெரியும். அதைப் பார்த்து நிறம் மாறிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள்.

தீனாலோ வெளிச்சத்தாலோ நிறத்தைக் கூட்ட முடியுமா?

எலிக்கு கரட் கொடுத்து அந்த எலியைப் பாம்புக்குக் கொடுத்தால் சிவக்கும் என்று சொல்வார்கள். நம்பிக் காசைச் செலவழிக்காதீர்கள். நிறத்தின் எல்லையைத் தீர்மானிப்பது பரம்பரை. நல்ல தீன், சுத்தமான தண்ணீர், பெட்டியின் ஒரு பக்கம் 28 முதல் 30 பாகை செல்சியஸ் சூடு, மறுபக்கம் குளிர்ச்சி, ஒளிய ஒரு மறைவு. இவை இருந்தால் பாம்பு தன் நிறத்துக்குத் தானே வந்துவிடும்.

எந்த நிற மாற்றத்துக்குப் பயப்பட வேண்டும்?

இதைக் கொஞ்சம் ஆறுதலாக வாசியுங்கள். வயதால் வரும் மாற்றம் உடம்பு முழுக்க, இரண்டு பக்கமும் ஒரே சீராக, மெதுவாக வரும். வருத்தத்தால் வருவது ஓரிடத்தில், ஒழுங்கில்லாமல், சில நாளில் வரும்.

வயிற்றுச் செதில்களில் இளஞ்சிவப்பு அல்லது இரத்தச் சிவப்பு படர்ந்தால் கிருமித் தொற்றாக இருக்கலாம். ஈரமான, துப்புரவில்லாத பெட்டியில் கபிலத் திட்டும் கொப்புளமும் வந்தால் செதில் அழுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். கட்டுப்பாட்டுக் கருவி இல்லாத வெப்பப் பாயின் மேல் கிடந்து வயிறு பொசுங்கினாலும் நிறம் கெடும். கண்ணோரத்திலும் தாடை மடிப்பிலும் மிளகுத் தூள் தூவியது போல் கரும்புள்ளிகள் தெரிந்து, அவை அசைந்தால் உண்ணி. செட்டை கழற்றிய பிறகும் ஒரு கண் மட்டும் நுங்காகவே இருந்தால், கண்மூடித் தோல் கழலாமல் ஒட்டிவிட்டது. நகத்தால் கிள்ளி எடுக்கப் போகாதீர்கள், கண் போய்விடும். இவை எல்லாவற்றுக்கும் மிருக வைத்தியரிடம்தான் போக வேண்டும். மருமகனின் பாம்பில் இவை எதுவும் இருக்கவில்லை. நன்றாகத் தின்றது, மின்னியது, கறுத்தது, அவ்வளவுதான்.

வாங்கும்போது குட்டியின் நிறத்தைப் பார்த்துத் தெரிவு செய்யலாமா?

வேண்டாம். தாய் தகப்பனின் படத்தைக் கேளுங்கள், முடிந்தால் அதே சோடியின் முந்தைய குட்டிகள் இப்போது எப்படி இருக்கின்றன என்று கேளுங்கள். சோளப் பாம்பு பதினைந்து, இருபது வருடம் உயிரோடு இருக்கக்கூடியது. அதில் குட்டிக் கோலம் நிற்கும் காலம் மிகச் சிறியது. முதல் கேள்வி நிறம் அல்ல, ஒழுங்காகத் தின்கிறதா என்பதுதான்.

வளவில் பாம்புக்குட்டி கண்டால் சாரையா, விரியனா என்று எப்படித் தெரியும்?

முதலில் விலகி நில்லுங்கள். பிறகு பாருங்கள். கிட்டப் போய்ச் சோதிக்க வேண்டாம். யாழ்ப்பாணத்தில் புடையன், எட்டடி விரியன், மணற்பாங்கான இடங்களில் சுருட்டை எல்லாம் இருக்கின்றன. சந்தேகம் என்றால் அது நச்சுப் பாம்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

புடையன் குட்டியை அடையாளம் காண ஒரு நல்ல வழி இருக்கிறது. அது நிறம் மாறும் பாம்பு அல்ல. தாயிடம் இருக்கும் அதே சங்கிலிக் கோலத்தோடு, முதுகிலும் இரண்டு பக்கத்திலும் வரிசையாக முட்டை வடிவத் திட்டுகளோடு, இன்னும் துலக்கமாகவே பிறக்கும். கட்டையான தடித்த உடம்பு, கழுத்திலிருந்து பிரிந்து தெரியும் முக்கோணத் தலை. சாரைக்குட்டிக்குச் சங்கிலி இல்லை, பட்டைதான். உடம்பு சாட்டை போல ஒல்லி. கண் பெரிது. பகலில்தான் திரியும், கண்டவுடன் ஓடும்.

எட்டடி விரியன் கறுப்பு அல்லது கருநீலத்தில் மெல்லிய வெள்ளை வளையங்களோடு இருக்கும். அவை பின்பாதியில் தெளிவாகத் தெரியும். சாரைக்குட்டியின் வெளிர் பட்டை முன்பாதியில். எட்டடி விரியன் இரவில் திரிவது. நிலத்தில் பாய் விரித்துப் படுப்பவர்களைக் கடிப்பதும் அதுதான். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாகத் தெரியாது. அதனால் கடித்தது என்ன பாம்பு என்று தேடி நேரத்தைப் போக்காமல், விசக்கல் வைக்காமல், கட்டி இறுக்காமல், நேரே ஆசுபத்திரிக்குப் போங்கள்.

பாம்பு வீட்டுக்குள் வந்துவிட்டால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிக்கலாம். வேலியடியில் கிடந்தால் பத்து நிமிடம் பிள்ளைகளை உள்ளே வைத்திருங்கள். சாரை தானே போய்விடும்.

நாகமும் சாரையும் பிணையும் என்பது?

பிழை. இரண்டும் வேறு குடும்பத்துப் பாம்புகள், சோடி சேர முடியாது. நீங்கள் கண்டது இரண்டு ஆண் சாரைகள் உடம்பை முறுக்கி எழும்பிச் சண்டை பிடிப்பதாகத்தான் இருக்கும். ஒன்று கறுப்பு, மற்றது மஞ்சள் என்பதால் ஒன்றை நாகம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். வளர்ந்த சாரைகளே ஒன்றுக்கொன்று அவ்வளவு நிற வேறுபாடு உள்ளவை.

யாழ்ப்பாணத்தில் சாரை வளர்க்கலாமா?

காட்டிலோ தோட்டத்திலோ பிடித்து அடைத்து வைக்க முடியாது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் குறுக்கே நிற்கிறது. வெளிநாட்டுப் பாம்பைக் கொண்டுவரவும் அனுமதி வேண்டும். தோலுக்காகச் சாரைகள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டதால், எங்கள் சாரை சைடிஸ் என்ற அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், அதற்குப் பெட்டி தேவையில்லை. நீர்வேலி வாழைத்தோட்டமும் தென்மராட்சித் தென்னங்காணியும் அதற்குப் போதும். பார்க்க ஆசையுள்ளவர்கள் வளவு மூலையில் கல்லும் பனங்குற்றியும் கிடக்க விடுங்கள். எலி உள்ள இடத்துக்குச் சாரை வரும்.

நிற மாற்றத்தை எப்படிப் பதிவு செய்வது?

மருமகனுக்குச் சொன்னதையே சொல்கிறேன். செட்டை கழற்றிய மறுநாள் படம் எடு. ஒவ்வொரு தடவையும் அதே யன்னல், அதே நேரம், மின்குமிழ் வெளிச்சம் வேண்டாம், அது மஞ்சளாகக் காட்டும். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளும் அடிமட்டமும் வை. தலை, முதுகின் நடு, வயிறு மூன்றையும் தனித்தனியாக எடு. கண் நுங்கான நாட்களில் பாம்பைத் தொடாதே.

இதுவரை பதினொரு தடவை அனுப்பியிருக்கிறான். முதல் படத்தில் முதுகுத் திட்டுகளை எண்ண முடிகிறது. கடைசிப் படத்தில் கழுத்தடியில் ஒன்றும், வாலுக்குக் கிட்ட இரண்டும் மட்டும், அதுவும் தாளைச் சரித்துப் பிடித்தால்தான், கறுப்புக்குள் கறுப்பாகத் தெரிகின்றன. அந்த இரண்டு படங்களையும் அச்செடுத்துப் பக்கத்து வீட்டு அண்ணைக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தார். "ரெண்டும் ஒரு பாம்போ?" என்றார். பிறகு, வேலியடியில் இனி ஏதும் கண்டால் தடி எடுக்க முதல் என்னைக் கூப்பிடுவதாகச் சொன்னார். போன மாதம் ஒரு விடியப்புறம் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன், சாரைக்குட்டிதான். கிடுகின் கீழே நழுவி வாழைப் பாத்திக்குள் போய்விட்டது.